நெடுந்தூர ஓட்டம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓடத் தொடங்குகிறவர்களில் பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் மாதம் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது மாதம் மூச்சு பழகிவிடுகிறது, ‘இனி தூரத்தைக் கூட்டலாமே’ என்று தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து முழங்காலோ குதிகாலோ வலிக்க ஆரம்பிக்கிறது. இதயமும் நுரையீரலும் தசைகளும் சில வாரங்களில் புது வேலைக்குப் பழகிக்கொள்ளும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூச்சு ‘போகலாம்’ என்று சொல்லும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. கீழே வருகிற ஆலோசனைகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியைச் சமாளிப்பதற்காகத்தான்.

வேலை, வீடு, படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓட நினைக்கிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேகமாக ஓடுவது எப்படி என்பதைவிட, ஒரு வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பது எப்படி என்பதுதான் என் அக்கறை.

தொடங்குவதற்கு முன்

இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், படியேறும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வருகிறவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: முப்பது நிமிடம் வேகமாக நடந்தால் சிரமம் இருக்கக் கூடாது. சிரமம் இருந்தால் சில வாரம் நடையிலேயே இருங்கள். அந்த நடையும் பயிற்சிதான், எலும்புக்கு அது கணக்கில் சேரும்.

அடுத்து ஷூ. விலை கூடிய ஷூ காயம் வராமல் காக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். காலுக்குச் சரியாகப் பொருந்துகிறதா, போட்டதும் சௌகரியமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல் நீளம். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம், பெரிய பாதத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். வழக்கமாகப் போடும் செருப்பைவிட ஓட்ட ஷூ அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக அமைவது சாதாரணம்.

குதிகால் உள்ளே வழுக்கி மேலும் கீழும் அசைகிறது என்றால் ஷூவை மாற்றும் முன் கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள். ஓட்ட ஷூக்களில் மேலே கணுக்காலை ஒட்டிக் கூடுதலாக ஒரு துளை இருக்கும், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், வெளியே வந்த பக்கத்திலேயே அந்தக் கடைசித் துளைக்குள் விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம் கிடைக்கும். இப்போது இடது கயிறு வலது வளையத்துக்குள், வலது கயிறு இடது வளையத்துக்குள். இரண்டையும் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி, வழக்கம்போல முடிச்சுப் போடுங்கள். குதிகால் பிடித்து நிற்கும், பாதத்தின் மேல்பக்கம் அழுத்தமும் கூடாது.

ஒரு ஜோடி பெரும்பாலும் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அடிப்பாகம் தேயாமல் இருக்கும்போதே உள்ளே இருக்கும் மெத்தை செத்துப்போயிருக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கே காரணம் தெரியாமல் கால் சோர்ந்துபோகத் தொடங்கினால் வாங்கிய நாளைக் கணக்குப் பாருங்கள். மெல்லிய தகடு வைத்த பந்தய ஷூக்கள் இப்போதைக்கு வேண்டாம்.

உடை விஷயத்தில் ஒன்று மட்டும்: பருத்தி சாக்ஸ், பருத்திச் சட்டை இரண்டும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். அரை மணி ஓட்டத்துக்குப் பாதகமில்லை, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த ஈரம்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். பெண்களுக்கு நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு இணையான முக்கியம். கடையிலேயே போட்டுக்கொண்டு நான்கு முறை குதித்துப் பார்த்து வாங்குங்கள்.

முதல் பத்து வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியுங்கள். நடுவில் செய்ய வேண்டியது இதுதான்:

1. முதல் இரண்டு வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. எட்டு முறை.
2. மூன்றாம், நான்காம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. ஆறு முறை.
3. ஐந்தாம், ஆறாம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. ஐந்து முறை.
4. ஏழாம், எட்டாம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. மூன்று முறை.
5. ஒன்பதாம் வாரம் 12 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, மறுபடி 12 நிமிடம் ஓட்டம். பத்தாம் வாரம் 30 நிமிடம் நிற்காமல்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். பத்து வாரம் பதினான்கு ஆனாலும் நஷ்டம் எதுவும் இல்லை. நடை இடைவெளி வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே இந்த ஓட்டம்-நடை முறையைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தார், அதே முறையில் முழு மாரத்தானை முடித்தவர்கள் ஏராளம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: களைத்துப்போன பிறகு நடப்பதில் பயன் குறைவு. களைப்பு வரும் முன்பே, கடிகாரம் சொல்லும்போது நடக்க வேண்டும்.

ஓடுவதற்கு முன் நின்றபடி தசைகளை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுப்பதில்லை. நடை, அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை உயர்த்தி நடப்பது, இவை போதும். இழுத்துப் பிடிக்கும் பயிற்சி பிடித்திருந்தால் ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஓடுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

புதியவர்கள் அனேகமாக எல்லோரும் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறார்கள். ஓட்டம் என்றால் மூச்சு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அது பயிற்சியே ஆகாது என்று ஓர் எண்ணம். உண்மையில் சர்வதேச அளவில் ஓடும் நெடுந்தூர வீரர்களே தங்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதத்தைச் சுலபமான வேகத்தில்தான் செய்கிறார்கள். அந்த வேகத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறன் வளர்கிறது. இவ்வளவும் நடக்கும்போது எலும்புக்கும் தசைநாணுக்கும் விழும் அடி குறைவு. மறுநாள் கால் கனக்காது, அதனால் அடுத்த ஓட்டத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

எவ்வளவு மெதுவாக? பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் அவரோடு முழு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் கூடிவிட்டது. தனியாக ஓடினால் நாலு வரி சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு இந்த வேகம் கிலோமீட்டருக்கு 8 அல்லது 9 நிமிடம் என்று வரும், வேகமாக நடப்பதைவிடச் சற்றே கூடுதல். அப்படி வந்தால் அதுதான் இன்றைக்கு உங்கள் வேகம். மேடு வந்தால் நடந்து ஏறலாம்.

இங்கே வாட்ச் பெரிய இடைஞ்சல். திரையில் ‘பேஸ்’ எண், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், தெரிந்ததும் அதைக் குறைக்கக் கை பரபரக்கும். ஓடிய தூரமும் வேகமும் நண்பர்கள் பார்க்கும் செயலியில் ஏறும் என்றால் இன்னும் மோசம். முதல் சில மாதங்களுக்குத் திரையில் நேரத்தை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துடிப்பு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 220லிருந்து வயதைக் கழிப்பது ஒரு சராசரிக் கணக்கு, ஒரு தனி மனிதருக்கு அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆவது சகஜம். மணிக்கட்டில் அளக்கும் வாட்ச்கள் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் பதியும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 170, 180 என்று காட்டும். பயப்படாமல் பேசிப் பாருங்கள், பேச முடிந்தால் சரி.

கால் வைக்கும் விதம் பற்றி நிறைய அறிவுரை கிடைக்கும். குதிகாலில் பதித்தால் தவறு, நிமிடத்துக்கு 180 அடி வைத்தே ஆகவேண்டும் என்றெல்லாம். 180 என்ற எண், பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 ஒலிம்பிக்கில் ஓடியவர்களைப் பார்த்து எண்ணியதிலிருந்து பரவியது. அவர்கள் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். மெதுவாக ஓடும்போது எண்ணிக்கை இயல்பாகவே குறையும். உடம்புக்கு வெகு முன்னால் காலை நீட்டிப் பதிக்கிறீர்கள் என்றால் மட்டும் அடியைக் கொஞ்சம் சுருக்கி, எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். முழங்காலுக்கு விழும் சுமை குறையும். மற்றபடி தோளையும் கையையும் தளர்த்திவிட்டு ஓடினால் போதும்.

வாரத்தை அமைப்பது

அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்த பிறகு வாரம் இப்படி இருக்கலாம்: இரண்டு சின்ன ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டம், இரண்டு நாள் வலுப் பயிற்சி, மீதி ஓய்வு. நீண்ட ஓட்டத்தை எல்லோரும் ‘லாங் ரன்’ என்றே சொல்கிறார்கள், பெரும்பாலும் விடுமுறை நாளில் வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் வேரில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு இருக்கிறார். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லைக்கூட அவர் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடவிட்டார். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கே அந்த அடித்தளம் உதவியது என்றால் 10 கிலோமீட்டர் ஓட நினைப்பவருக்கு அது எவ்வளவு உதவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அது ஓர் ஏகதேசக் கணக்குதான், சட்டம் இல்லை. வாரத்துக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் 12 ஆக்கினால் ஒன்றும் ஆகாது. 50 ஓடுகிறவர் வாரா வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் சிக்கல் வரும். நான் சொல்வது: மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நான்காவது வாரம் கால் பங்கு குறையுங்கள். ஒரே நாளில் பெரிய தாவல் வேண்டாம். இதுவரை ஓடிய அதிகபட்சம் 6 கிலோமீட்டர் என்றால், நண்பர் கூப்பிட்டார் என்று திடீரென்று 12 போகாதீர்கள். தூரம், வேகம், மேடு, இந்த மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்.

வேகப் பயிற்சி ஆறு மாதம் கழித்து, அதுவும் வாரத்தில் ஒரு நாள். 400 மீட்டர் டிராக்கில் ஓடுவதானால் 400 மீட்டர் என்பது உள்வரிசைக்கு மட்டும்தான் என்பது நினைவிருக்கட்டும், வெளியே போகப் போக ஒவ்வொரு சுற்றும் நீளும். மெதுவாக ஓடும்போது உள்வரிசையை வேகமாக ஓடுகிறவர்களுக்கு விட்டுவிடுவது மரியாதை.

வலுப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலில் மெதுவாகக் குதிகாலை இறக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட். ஒற்றைக் காலில் நின்று முன்னால் குனிந்து நிமிர்வது. முழங்கையும் பாதமும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க். இருபது நிமிடம், வாரம் இரண்டு முறை.

சின்னச் சின்னத் தொல்லைகள்

உரசல்: தொடை இடுக்கு, அக்குள், பிரா பட்டை, ஆண்களுக்கு மார்புக்காம்பு. லாங் ரன் முடிந்து குளிக்கும்போது எரிச்சல் தெரிந்தால் அடுத்த முறை அந்த இடத்தில் முன்கூட்டியே வாசலின் தடவுங்கள். மார்புக்காம்பில் ரத்தம் கசிகிறவர்கள் சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். மழையில் ஓடினால் உரசல் இரட்டிப்பாகும்.

கொப்புளம்: சிறியதை உடைக்காமல் விடுங்கள். பெரிதாகி நடக்கவே முடியவில்லை என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடுங்கள்.

நகம் கறுப்பது: விரல் ஷூ நுனியில் மோதுவதால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது. ஷூ சின்னதாக இருக்கலாம், அல்லது இறக்கத்தில் அதிகம் ஓடியிருக்கலாம். நகத்தை நேராக, ஒட்ட வெட்டி வையுங்கள்.

விலாவில் குத்தல்: வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக முழுதும் வெளியே விட்டு, குத்தும் இடத்தைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் இது அதிகம் வரும்.

வயிறு: பலரும் வெளியே சொல்லக் கூச்சப்படும் பிரச்சினை இது, ஆனால் ஓடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஓடும்போது ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, குடலுக்குக் குறைகிறது, கூடவே குலுக்கல். பாதி வழியில் அவசரம் வந்துவிடும். முந்தின இரவு நார்ச்சத்தும் கொழுப்பும் காரமும் குறைந்த சாப்பாடு, எழுந்ததும் வெதுவெதுப்பாகக் குடிக்க ஏதாவது, கழிப்பறைக்குப் போக அரை மணி அவகாசம். லாங் ரன்னுக்குக் கழிப்பறை உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வலியோடு ஓடலாம், எதற்கு நிறுத்த வேண்டும்

ஓடிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை, கெண்டைக்கால் தசைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் அது பழகாத வேலையின் வலி. இரண்டு மூன்று நாளில் போய்விடும், மெதுவாக நடப்பது உதவும். ஒரு பக்கம் மட்டும், ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அது வேறு கதை.

நான் பரிந்துரைக்கும் கணக்கு இது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது வலி மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் கூடியிருக்கக் கூடாது. நடையையோ ஓட்டத்தையோ கோணலாக்கக் கூடாது. மூன்றில் ஒன்று மீறினாலும் சில நாள் ஓய்வு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. எச்சரிக்கையை அது மறைத்துவிடும், வெயிலில் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

புதியவர்களுக்கு அதிகம் வருவது முன்கால் எலும்பு வலி. உட்கார்ந்து, கட்டைவிரலால் முன்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவி வலித்தால் பெரும்பாலும் அது எலும்பின் மேலுறையும் தசையும் சேரும் இடத்தில் வரும் எரிச்சல். தூரத்தைப் பாதியாக்கி, மண் தரையில் ஓடி, கெண்டைக்காலுக்கு வலுக் கொடுத்தால் சில வாரத்தில் அடங்கும். மாறாக ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்று வலிக்கிறது, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியவில்லை, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது உண்டு, அதனால் எக்ஸ்ரே சுத்தம் என்பதை வைத்து மட்டும் மறுபடி ஓடிவிடாதீர்கள்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு அடியில் குத்தினால் உள்ளங்கால் சவ்வு. குதிகாலுக்குப் பின்னால் விறைப்பு என்றால் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண். இதற்குத்தான் படி விளிம்பில் குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியை ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் முறைப்படுத்தினார்: 15 முறை வீதம், முழங்கால் நேராக 3 தொகுதி, மடக்கி 3 தொகுதி, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். பொறுமை வேண்டும், ஆனால் பலருக்குப் பலன் தந்த முறை. முழங்கால் சிப்பியைச் சுற்றி, குறிப்பாகப் படி இறங்கும்போது வலித்தால் தொடை, இடுப்புத் தசைகளுக்கு வலுக் கொடுங்கள், அடியைச் சுருக்குங்கள்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று உறவினர்கள் கட்டாயம் சொல்வார்கள். ஆரோக்கியமான முழங்காலுள்ள ஒருவர் பொழுதுபோக்காக ஓடுவதால் மூட்டுத் தேய்மானம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அவர்களோடு வாதாட வேண்டாம், ஓடுங்கள்.

காய்ச்சல் வந்தால் ஓடாதீர்கள். மூக்கடைப்பு, லேசான தும்மல் மட்டும் என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சில் சளி, உடம்பு வலி, காய்ச்சல் இருந்தால் முழுக் குணமாகி இரண்டு மூன்று நாள் ஆகட்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எடை குறைக்கவென்று ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டையும் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உடம்புக்கு வர வேண்டிய சக்தி வராவிட்டால் ஹார்மோன்கள் குழம்பும், எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ இதன் அடையாளம். ‘நிறைய ஓடுவதால் அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

வெயில், தண்ணீர், சாப்பாடு

வெயிலைவிடப் புழுக்கம் கொடியது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து கீழே விழுமே தவிர ஆவியாகாது. அப்படிப்பட்ட நாளில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் மெதுவாக ஓடுவது பின்னடைவு ஆகாது. கோடை தொடங்கும்போது உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை தூரத்தையும் குறையுங்கள். உடன் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, குழறிப் பேசினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்ப மயக்கத்தின் அபாய நிலை. நிழலுக்குக் கொண்டுபோய், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். வற்புறுத்திக் குடிப்பது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின் நடுவே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது, மெதுவாக ஓடி நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அபாயம் கூடுதல். உங்கள் தேவை தெரிய, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு நடுவில் சாப்பிட ஒன்றும் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரை பெரும்பாலோருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்கிறது, மாரத்தானில் ‘சுவரில் மோதினேன்’ என்று சொல்வது இதைத்தான். கடைகளில் கிடைக்கும், ஓடிக்கொண்டே சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், வாழைப்பழமும் ஏறக்குறைய அதே அளவு தரும். எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்து வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் பந்தயத்துக்கு எடுத்துப் போங்கள்.

சாலையில்

நடைபாதை இல்லாவிட்டால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் ஒளி பிரதிபலிக்கும் உடை, கையிலோ நெற்றியிலோ ஒரு விளக்கு. காதில் பாட்டு கேட்பதானால் ஒரு காது திறந்திருக்கட்டும். நாய் துரத்தினால் ஓடாமல் நின்றுவிடுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காமல், அதற்கு முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பந்தயம்

5 அல்லது 10 கிலோமீட்டரில் தொடங்குங்கள். ஹாஃப் மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர், முழு மாரத்தான் 42.195. இந்த விசித்திரமான எண் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து மைதானத்தின் அரச மாடம் வரை வைத்த தூரம். 1921இல் அதுவே நிரந்தரமானது. முதல் வருடத்திலேயே முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. காலுக்கு அந்த நேரம் போதாது.

கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். பந்தயத்தன்று எதுவும் புதிதாக இருக்கக் கூடாது: ஷூ, சாக்ஸ், அமைப்பாளர்கள் அன்று காலை கொடுக்கும் சட்டை, காலை உணவு, எல்லாமே இதில் அடக்கம். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும், ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். நேரத்தைத் தானாகப் பதியும் சிப் கொடுத்திருந்தால் உங்கள் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும், அவசரம் வேண்டாம். முதல் கிலோமீட்டரைத் திட்டமிட்டதைவிடப் பதினைந்து இருபது விநாடி மெதுவாக ஓடுங்கள். எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும்.

தண்ணீர் மேசைகளில் முதல் மேசையில்தான் கூட்டம் அலைமோதும், கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் கோப்பையின் வாயைக் கிள்ளிப் பிடித்தால் ஓடிக்கொண்டே குடிக்கலாம். நடந்துகொண்டு குடிப்பது இன்னும் நல்லது, ஆனால் நிற்கும் முன் பின்னால் திரும்பிப் பார்த்து ஓரமாக ஒதுங்குங்கள்.

10 கிலோமீட்டர் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் வாட்ச் 10.15 கிலோமீட்டர் என்று காட்டினால் தூரத்தைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சான்று பெற்ற பாதைகளை வளைவுகளின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைக்கிறார்கள். கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடிய நீங்கள் அதைவிடக் கூடுதலாகத்தான் ஓடியிருப்பீர்கள்.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். ஈர உடையை மாற்றுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். அடுத்த இரண்டு நாள் நடை மட்டும். 10 கிலோமீட்டர் என்றால் நான்காம் நாள் மெதுவாக ஓடிப் பார்க்கலாம், ஹாஃப் மாரத்தானுக்கு ஒரு வாரம், முழு மாரத்தானுக்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதை அதுவரை தள்ளி வையுங்கள், படி இறங்கும்போது தொடை வலிக்காமல், நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே ஓட முடிந்த பிறகு தேதியைப் பாருங்கள்.